நாலு பேரும் ஒரு கொக்கியும்

1874இல் பேராதனைப் பக்கமிருந்து கோச்சி நாவலப்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. வந்த களைப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எழுந்து ஹட்டனுக்குப் போக அதற்குப் பத்து வருடம் பிடித்தது. கோச்சியைக் குறை சொல்ல முடியாது. ஊருக்கு மேலே பாதை 44 அடி போனால் ஒரு அடி ஏறுகிறது. பாதை போட்டு முடித்த பிறகும் பின்னால் இன்னொரு இஞ்சினைப் பூட்டித் தள்ளித்தான் மேலே அனுப்பினார்கள்.

அந்தப் பத்து வருடமும் திம்புள்ளைக்கும் டிக்கோயாவுக்கும் போகிற சாமான் இங்கேதான் இறங்கியது. அரிசி மூட்டை, தகரம், இரும்பு, துரைமாரின் சாராயப் பெட்டி. மேலேயிருந்து கோப்பி மூட்டை வந்தது. கோச்சிப் பெட்டியிலிருந்து மாட்டு வண்டிக்கு, மாட்டு வண்டியிலிருந்து கோச்சிப் பெட்டிக்கு, ஒவ்வொன்றையும் யாரோ தூக்கியாக வேண்டும். அதற்கு அந்தக் காலத்தில் ஓர் அற்புதமான எந்திரம் இருந்தது. எண்ணெய் கேட்காது. துருப்பிடிக்காது. பழுதானால் தூக்கிப் போட்டுவிட்டு, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து புதிதாக ஒன்றை வரவழைத்துக்கொள்ளலாம். எந்திரத்தின் பெயர் 'நாலு பேர்'.

என் மச்சானின் பட்டறையில் அண்மைக்காலம்வரை இதே எந்திரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறை தொலஸ்பாகை றோட்டில், வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சின்ன லொறி, லேண்ட்மாஸ்டர், எப்போதாவது தேயிலை ஸ்டோரிலிருந்து வரும் ஒரு மோட்டர். லொறி இஞ்சின் என்றால் 200, 300 கிலோ வரும். அதைக் கழற்றி வெளியே எடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முற்றத்துப் பலாமரக் கிளையில் சங்கிலியைப் போடுவது. கிளைக்கும் வயசு இருக்கிறது, அதற்கு மேல் மழையும் இருக்கிறது. மற்றது, வாசலில் நின்று "டேய் தம்பிமாரே" என்று ஒரு குரல் கொடுப்பது. நாலு பொடியன்கள் வருவார்கள், காவுதடி போட்டுத் தூக்குவார்கள், நாலு பிளேன்டீயும் நாலு பணிஸும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

பிறகு பொடியன்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக் கடைகளுக்கும் கட்டாருக்கும் போய்விட்டார்கள். ஒருநாள் மச்சான் குரல் கொடுத்தபோது வந்தது ஒரு கிழவரும் ஒரு நாயும். கிழவர் ரெயில்வேயில் பென்ஷன் வாங்கியவர். தூக்க வரவில்லை, யோசனை சொல்ல வந்தார். நாய் பணிஸுக்காக வந்தது.

அன்றைக்குத்தான் மச்சான் கூரைக்கடியில் எச் அயன் என்கிற இரும்பு விட்டம் ஒன்றைப் போட்டு, அதில் ஓடுகிற டிராலியில் செயின் புளொக் என்கிற சங்கிலிக் கப்பியைத் தொங்கவிடுவது என்று தீர்மானித்தார். உலகத்தில் கப்பியும் கொக்கியும் செய்தவர்கள் முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான் என்று எனக்குத் தோன்றியது. கூப்பிட்டால் ஆள் வரும்வரை எவனும் கொக்கி வாங்க மாட்டான்.

எகிப்துக்காரனைப் பாருங்கள். பிரமிட்டுக்குக் கல்லைச் சரிவில் இழுத்தே ஏற்றினான். ஆள் இருந்தது. நம்முடைய ராஜராஜ சோழனும் அதே கட்சி. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கல்லை ஏற்ற, சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மைல்கணக்கில் சாரம் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. கல் ஒன்றா, பல துண்டா, எடை உண்மையிலேயே 80 தொன்னா என்று மல்லுக்கட்டுகிறவர்கள் கட்டட்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கதையின் துணிச்சல். கல்லைத் தூக்க முடியவில்லையா? பரவாயில்லை, தரையைத் தூக்கு. சாரத்துக்கு என்ன செலவு என்று சக்கரவர்த்தியைக் கேட்க அப்போது கணக்காய்வாளர் நாயகம் யாரும் இருக்கவில்லை.

கிரேக்கர்களுக்கு இந்த வசதி இல்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களுடைய கோயில் கற்களில் இடுக்கியும் கொக்கியும் மாட்டுவதற்கான குழிகள் தென்படத் தொடங்குகின்றன. பாரந்தூக்கி வந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. சின்னச் சின்ன நகரங்கள், கைதேர்ந்த கொத்தர்கள் கொஞ்சப் பேர், அவர்களும் கூலி கேட்கிறவர்கள். ஆயிரம் பேரைக் கயிற்றில் கட்டி இழுக்க வழியில்லாததால்தான் கப்பிக்கு மாறினார்கள் என்று ஆய்வாளர்கள் காரணம் சொல்கிறார்கள். மச்சானின் நிலைமைதான், பணிஸ் மட்டும் இல்லை.

கருவி கைக்கு வந்ததும் கிரேக்கர்கள் அதில் கடவுளைத் தொங்கவிட்டார்கள். நாடகத்தில் கதை சிக்கலாகி, எழுதியவருக்கே வழி தெரியாமல் போகும்போது மேலேயிருந்து பாரந்தூக்கியில் ஒரு தெய்வம் இறங்கி எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும். நம் படங்களில் கடைசி ரீலில் போலீஸ் வருகிறதே, அதற்குப் பாட்டன். கி.மு. 421இல் அரிஸ்டோபனீஸ் 'அமைதி' என்ற நாடகத்தில் தன் கதாநாயகனை ஒரு ராட்சதச் சாணி வண்டின் மேல் ஏற்றி வானத்துக்கு அனுப்பினார். பாதி வழியில் அந்த ஆள் வசனத்தை விட்டுவிட்டு, பாரந்தூக்கி இயக்குகிறவனைப் பார்த்துப் பத்திரமாகப் பிடிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். கொக்கியில் தொங்குகிறவன் கொடுத்த முறைப்பாடுகளில் எனக்குத் தெரிந்து பழையது இதுதான்.

ஆர்க்கிமிடீஸ் விதிவிலக்கு. அவருக்கு ஆள் பஞ்சம் இல்லை, வாய்தான் நீளம். எவ்வளவு பாரமானாலும் அசைத்துக் காட்டுவேன் என்று சிரக்கூஸ் அரசன் ஹியரோவிடம் சொல்லிவிட்டார். அரசன் "எங்கே, செய் பார்ப்போம்" என்றிருப்பான். புளூட்டார்க் எழுதிய கதையின்படி, மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றைக் கரைக்கு இழுத்து வைத்து, ஆட்களையும் சரக்கையும் ஏற்றி, தூரத்தில் உட்கார்ந்து கூட்டுக்கப்பியின் கயிற்றை மெதுவாக இழுத்தாராம் ஆர்க்கிமிடீஸ். கப்பல் வழுக்கிக்கொண்டு வந்தது. சபாஷ். ஆனால் அந்தக் கப்பலை முதலில் கரைக்கு இழுத்துப் போட்டது பெரிய கூட்டம் ஒன்று, மூச்சுத் திணறத் திணற. அவர்களில் ஒருவன் பெயரையும் புளூட்டார்க் எழுதவில்லை.

அதே ஹியரோ பிறகு சிரக்கூசியா என்று ஒரு மாபெரும் கப்பல் கட்டினான். கட்டி முடித்த பிறகுதான் சிசிலித் துறைமுகங்களில் அதை ஒழுங்காக நிறுத்த இடம் இல்லை என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் எகிப்து அரசனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டான். மச்சான் எச் அயன் வாங்குமுன் இந்தக் கதையைக் கேட்டிருக்கலாம். இருபது அடி இரும்பு லொறியில் வந்து இறங்கிய பிறகுதான் வீட்டுச் சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையில் அது திரும்பாது என்பது தெரியவந்தது. அன்பளிப்பாகக் கொடுக்கப் பக்கத்தில் எகிப்து இல்லை. குசினி ஜன்னலைக் கழற்றி, ஒரு முனையைக் குசினிக்குள் விட்டு, மறுமுனையைத் திருப்பினோம். அக்கா அடுப்பை அணைக்கவில்லை. சோறு கொதித்துக்கொண்டிருந்த பானைக்கு மேலே சாண் உயரத்தில் எச் அயன் போய் வந்தது.

இனிக் கலிலியோ. கொக்கியைச் செய்துவிடலாம், அதை எதில் தொங்கவிடுவது என்பதில்தான் கால் விரல்கள் தங்குவதும் போவதும் இருக்கிறது. 1633இல் ரோமாபுரி விசாரணைச் சபை, பூமி சுற்றுகிறது என்று சொன்ன குற்றத்துக்காக அவரை வீட்டோடு அடைத்தது. வீட்டுக்குள் அடைபட்டவன் என்ன செய்வான்? படுத்துக்கொண்டு மேலே பார்ப்பான். வானம் தெரியாது, விட்டம்தான் தெரியும். இப்படித்தான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 1638இல் ஹொலந்தின் லெய்டன் நகரில் அச்சாகி வந்த அவருடைய புத்தகத்தில் விட்டம் எப்படி முறியும் என்பதற்கு ஒரு பெரிய பகுதி இருக்கிறது.

அதில் அவர் சரியாகச் சொன்னது: சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் பலம் அதிகம், உயரம் இரட்டித்தால் பலம் நாலு மடங்கு. எச் அயனைக் குறுக்கே படுக்கப் போடாமல் நிமிர்த்திப் போடுவது இதனால்தான். பிழையாகச் சொன்னது: விட்டம் வளையும்போது கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழுத் தடிப்பும் இழுபடுகிறது என்று எண்ணிவிட்டார். உண்மையில் வளைகிற விட்டத்தில் ஒரு பாதி இழுபடும், மறுபாதி நசுங்கும். இந்த ஒரு பிசகால் அவருடைய கணக்கில் விட்டத்தின் பலம் மூன்று மடங்கு கூடிப்போகிறது. கிரகங்கள் விஷயத்தில் கலிலியோவைத் தாராளமாக நம்பலாம், லொறி இஞ்சின் விஷயத்தில் கூடாது. 1773இல் கூலோம்ப் என்ற பிரெஞ்சு இராணுவ இஞ்சினியர் வந்து கணக்கைச் சரிப்படுத்தும்வரை ஐரோப்பாவின் மேல்மாடிகள் அதிர்ஷ்டத்தில் நின்றிருக்க வேண்டும்.

அதே புத்தகத்தில் ஒரு கதை இருக்கிறது. கலிலியோவிடம் எனக்கு மதிப்பு வந்தது வியாழனின் சந்திரன்களால் இல்லை, இந்தக் கதையால். ஒரு பெரிய சலவைக்கல் தூண். அதைப் படுக்க வைத்து இரண்டு முனைக்கும் ஒவ்வொரு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கொஞ்சக் காலத்தில் ஒரு வேலைக்காரருக்குக் கவலை வந்துவிட்டது: நடுவில் முறிந்துவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று நடுவிலும் ஒரு முட்டு வைத்தார். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். சில மாதம் கழித்து, புதிதாக வைத்த முட்டுக்கு நேர் மேலே தூண் இரண்டாக முறிந்து கிடந்தது. முனையில் இருந்த பழைய கட்டை ஒன்று உக்கி இறங்கிவிட்டது, நடுக்கட்டை இறங்கவில்லை. பாதித் தூண் அந்தரத்தில் தொங்கியது. பழைய இரண்டு முட்டோடு விட்டிருந்தால், ஒரு பக்கம் இறங்கும்போது தூணும் சேர்ந்து சாய்ந்து சும்மா கிடந்திருக்கும்.

பென்ஷன் மாமா பட்டறைக்கு வந்து சொன்ன முதல் யோசனை என்ன தெரியுமா?

"தம்பி, நடுவுல ஒரு கால் குடுத்திருங்க. எதுக்கும் இருக்கட்டும்."

"நடுவுல கால் குடுத்தா லொறி எங்க மாமா போறது?"

"லொறிய வெளிய நிப்பாட்டுங்க."

நாவலப்பிட்டி மண் வேறு. மேலே வட்டவளை நாட்டிலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று, நமக்கும் அதில் தாராளமாகப் பங்கு உண்டு. வெட்டி நிரப்பிய மேட்டில் மூன்று கால் நட்டால் மூன்றும் மூன்று அளவில் இறங்கும். ஆகவே மச்சான் இரண்டு காலோடு நின்றார். நிரப்பிய மண்ணைத் தாண்டிக் கெட்டித் தரை வரும்வரை தோண்டி, கொங்கிரீட் போட்டு, அதில் போல்ட்டைப் பதித்து, மேலே தகட்டோடு காலை இறுக்கினார். கால்களுக்கு இடையில் 4 மீற்றர், அதற்குமேல் ஒரு அங்குலம் கூடாது என்றார். நீளம் இரட்டித்தால் அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்கு.

மாமாவின் இரண்டாவது யோசனை தண்டவாளம். ரெயில்வே ஊர்க்காரர்களுக்கு எல்லா நோய்க்கும் தண்டவாளத் துண்டுதான் மருந்து. ஆனால் தண்டவாள இரும்பில் கார்பன் அதிகம், சாதாரண வெல்டிங் குச்சியை வைத்தால் ஒட்டின மாதிரி இருக்கும், பிறகு வெடிக்கும். பள்ளிக்கூட மணியாகத் தொங்கவிட உத்தமம். அதன் கீழே நிற்க வேண்டாம்.

செயின் புளொக்கின் பூர்வீகம் இங்கிலாந்து. பேர்மிங்ஹாம் பக்கத்துத் தோமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன் என்பவர் மேல் கப்பியில் இரண்டு சக்கரங்களை ஒன்றாகப் பூட்டினார். ஒன்றுக்கு 10 பல், மற்றதற்கு 9. ஒரே சங்கிலி பெரியதில் ஏறும்போது சின்னதில் இறங்கும். இருபது அடி சங்கிலி இழுத்தால் பாரம் ஒரே ஒரு அடி உயரும். கஞ்சத்தனத்தின் உச்சம். போட்ட பலத்தில் பாதிக்கு மேல் உராய்வில் போய்விடும், ஆனால் அந்த உராய்வால்தான் கையை எடுத்தாலும் பாரம் கீழே ஓடி வராது. இதைச் செய்து விற்றவர்கள் டாங்கி சகோதரர்கள். 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற இரும்புக் கப்பல் 1857 நவம்பரில் கடலில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, இவர்களுடைய நீரழுத்த ஜாக்கிகள்தான் அதை நெம்பி நெம்பி 1858 ஜனவரி கடைசியில் தண்ணீரில் விட்டன. 1862 லண்டன் கண்காட்சியில் வெஸ்டனின் கப்பிக்குப் பதக்கம் கிடைத்தது. இன்றைய செயின் புளொக்கின் உள்ளே இருப்பது வேறு பற்சக்கரங்கள். பாரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக்குக்கு மட்டும் வெஸ்டனின் பெயர் நிலைத்துவிட்டது. தூக்கும்போது கேட்கிற கிளிக் கிளிக் அந்த பிரேக்கின் பற்களில் நாக்கு விழுகிற சத்தம்.

ஆக 1862இலேயே, ஒரே ஆள் ஒரு தொன்னைத் தூக்கலாம் என்று பேரரசின் தலைநகரில் மெடல் கொடுத்தாயிற்று. செய்தி மலைநாட்டுக்கு ஏற நேரம் பிடித்தது. அதைக் காட்ட ஜேம்ஸ் டெய்லரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

டெய்லர்தான் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். அவருடைய முதல் தேயிலைத் தொழிற்சாலை அவருடைய பங்களா வராந்தா. மேசையில் கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி போட்டு, கம்பித் தட்டில் காயவைத்தார்கள். வீட்டுப் பட்டறை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கும்பிட வேண்டிய வராந்தா அது. 1872இல்தான் ஒழுங்கான ஸ்டோரும் உருட்டுகிற எந்திரமும் வந்தன. உருட்டியவர்கள் யார், உருளைகளை மலையேற்றியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை, நாலு பேர்.

1892இல் டெய்லர் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். ஆள் 246 ராத்தல். தமிழனுக்கு நாலு பேர் போதும் என்பது நம் கணக்கு. துரைக்கு 24 பேர் வேண்டியிருந்தது. பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு அணி, நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, கண்டி மகியாவை மயானம்வரை சுமந்தார்கள். துரையை மட்டும் கணக்கிட்டால் தோளுக்கு 20 ராத்தலுக்குக் கொஞ்சம் மேல், பெட்டி தனி. மாலையில் கொழுந்துக்காரி முதுகில் தொங்குகிற கூடையும் அதற்குக் குறையாது. அவளுக்குத் தோள் மாற்ற யாரும் வரவில்லை.

பிறகு கொழுந்துக்கு நல்ல காலம் பிறந்தது. சில தோட்டங்களில் மலைக்கு மலை கம்பி கட்டி, கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டி ஸ்டோருக்குப் பறக்கவிட்டார்கள். வாடப்போடுகிற மேல்தட்டுக்கு அதை ஏற்றவும் எந்திரம் வந்தது. பறித்தவள் அதே மலையைக் காலால் இறங்கி வந்தாள். கொழுந்து நசுங்கினால் விலை குறையும் அல்லவா?

பட்டறைக்கு வருவோம். கால்கள் நட்டாயிற்று, கொங்கிரீட் இறுகியாயிற்று. இனி எச் அயனை மேலே ஏற்ற வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு அந்தர் இரும்பு, தலைக்கு மேலே. அதற்கு ஒரு செயின் புளொக் இருந்தால் வசதி. செயின் புளொக் தொங்க எச் அயன் மேலே இருக்க வேண்டும். மச்சான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு பேர் வேணும்" என்றார் மாமா. வாழ்க்கையில் அவர் சொன்னதில் சரியான யோசனை அது ஒன்றுதான்.

மச்சான் ஒன்று, நான் இரண்டு. சூன் பாண் திரீவீலை நிறுத்தி ஓட்டிவந்த பொடியனைப் பிடித்தோம். ஸ்பீக்கரில் பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது ஆளாக, மின்சாரக் கட்டண மீற்றர் பார்க்க வந்தவர் பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கொடுத்தார். பீப்பாய் மேல் பலகை போட்டு, அதில் ஒரு முனை, இதில் ஒரு முனை என்று படிப்படியாக ஏற்றிக் கால் தலையில் உட்கார வைத்தோம். கூலி அதே பழைய கூலிதான். மீற்றர்காரருக்கு இரண்டு பணிஸ்.

டிராலி ஏறியது. இரண்டு முனையிலும் அது ஓடி விழாமல் தடை வைத்து வெல்ட் பண்ணினார். பலர் மறக்கிற வேலை இது, மறந்தவர்களுக்கு டிராலி பிறகு ஞாபகப்படுத்தும். கொக்கியில் நாக்கு இருக்கிறதா என்று பார்த்தார். பக்கவாட்டில் இழுக்கக்கூடாது, பாரத்துக்குக் கீழே நிற்கக்கூடாது என்று சுவரில் சோக்கால் எழுதினார். எழுதி முடித்துக் கீழேயே நின்று படித்துப் பார்த்தார்.

அடுத்தது சோதனைப் பாரம். அரைத் தொன் தூக்கும் என்று சொல்லிவிட்டால் கால்வாசி கூட்டி, 625 கிலோ தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவு பாரத்துக்கு எங்கே போவது? ஜூன் மாதம், வெளியே கொட்டுகிறது. 200 லீற்றர் பீப்பாய் மூன்றைப் பலகைத் தட்டில் கட்டி, கொக்கியில் மாட்டி, தரையிலிருந்து ஒரு விரல் உயர்த்திவிட்டு, கூரைப் பீலியிலிருந்து ஒரு குழாயை உள்ளே இழுத்து பீப்பாய்க்குள் விட்டார். நாவலப்பிட்டி மழை பாரத்தைத் தானே ஏற்றியது. நாங்கள் தள்ளி நின்று பிளேன்டீ குடித்தோம். மூன்றும் நிரம்பி வழிந்தபோது முனைக்கு முனை கட்டியிருந்த நூலுக்கும் இரும்புக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனியும் நுழையாத தொய்வு. அதுவும் தண்ணீரைத் திறந்துவிட்டதும் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

"வேலை நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். "இருந்தாலும் நடுவுல…"

மச்சான் செயின் புளொக்கை இழுக்கத் தொடங்கினார். கிளிக் கிளிக்கில் மிச்சம் கேட்கவில்லை.